பாதையப் படம் புடிக்கச் சொல்லு

வாடா பேராண்டி, உக்காரு. கொடைக்கானல்ல வீடு புக் பண்ணப் போறியாமே, ஒங்கப்பன் சொன்னான். ஓட்டல் வேணாமாம், தனி வீடுதான் வேணுமாம். நல்லதுதான்டா. சென்னையில மாசம் பூரா குடுக்குற வாடகைய ரெண்டே ராத்திரிக்குக் குடுத்து, அடுத்தவன் வீட்டுக்குப் போயிப் பாத்திரம் கழுவிட்டு வரணும்னு ஆசை வந்துருச்சு. அத யாரு தடுக்க முடியும்?

போனக் காட்டு, பாப்போம். அடேங்கப்பா! கட்டில்ல ரோசாப்பூவத் தூவி வச்சிருக்கான். துண்டுல வாத்து செஞ்சு உக்கார வச்சிருக்கான். வாத்து சரி, தொடைக்கிறதுக்குத் துண்டு எங்கடா? குளிச்சுட்டு வந்து ஈரக்கையோட வாத்தையா பிரிச்சுக்கிட்டு இருப்ப? ரூமைப் பாரு, மூலையில நின்னு எடுத்துருக்கான், கல்யாண மண்டபம் மாதிரி தெரியுது. கட்டிலுக்கும் செவுத்துக்கும் நடுவுல ஒருச்சாஞ்சுதான் போகணும்னு அந்தப் படம் சொல்லாது.

நீ ஒண்ணும் கேக்காத. படத்தப் பாத்தியா, பணத்த அனுப்பிரு. கேள்வி கேட்டா வீட்டுக்காரன் மனசு நொந்துரும், பாவம். ஒன்னைய மாதிரி தங்கமான புள்ளைகள நம்பித்தான் அவன் கடனை வாங்கிக் கட்டியிருக்கான்.

என்னமோ போட்டிருக்கே, ‘லேக் வியூ’வா? சரிதான். 1863-ல லெவிஞ்சுன்னு ஒரு மதுரை கலெக்டரு, ஓடைய மறிச்சு அந்த ஏரிய உண்டாக்குனாரு. அவரு உண்டாக்குனது ஒரே ஒரு ஏரி. இன்னைக்குப் பெருமாள்மலையில நின்னாலும் லேக் வியூ, வில்பட்டியில நின்னாலும் லேக் வியூ. நீ போயி, ‘எங்கய்யா ஏரி?’ன்னு கேட்டா, ‘அந்தா மினுங்குது பாருங்க சார்’னு கைய நீட்டுவான். எவன் வீட்டுத் தகரக் கூரையோ வெயில்ல மினுங்கிக்கிட்டு இருக்கும். நீயும் செல்ஃபி எடுத்துக்குவ. பனி மூட்டமா இருந்தா அவனுக்கு இன்னும் வசதி. ‘மூடிருச்சு சார், நேத்து வந்தவுகளுக்கு நல்லாத் தெரிஞ்சுச்சு’ம்பான். எப்பப் போனாலும் நேத்து வந்தவனுக்குத்தான்டா தெரிஞ்சிருக்கும்.

நான் வடுகபட்டி சந்தைக்கு மலைப்பூண்டு ஏத்திக்கிட்டு லாரி ஓட்டுன ஆளு. இந்த வத்தலக்குண்டுல நின்னு மேல போற வண்டியையும் பாக்குறேன், எறங்குற வண்டியையும் பாக்குறேன். போறப்ப பாட்டுச் சத்தம் கேக்கும். எறங்குறப்ப புருசனும் பொண்டாட்டியும் ஆளுக்கொரு சன்னல் பக்கம் திரும்பி உக்காந்திருப்பாக. என்னத்தடா சண்டைங்கிற? வீட்டப் பத்தி இருக்காது, பாதையப் பத்தித்தான் இருக்கும்.

‘வண்டி வாசல் வரைக்கும் வரும் சார்’னு போட்டிருப்பான். எவன் வண்டின்னு போட மாட்டான். தார் ரோடு முடிஞ்ச எடத்துல மண்ணுப் பாதை எறங்கும். மழை பேஞ்சிருந்தா ஒன் காரு அங்கயே குந்திக்கும். ராத்திரி எட்டு மணிக்கு, தூங்குற புள்ளைய ஒரு தோள்லயும் பெட்டிய இன்னொரு தோள்லயும் போட்டுக்கிட்டு நீ வழுக்கிக்கிட்டு எறங்குறப்ப, ஒரு ஜீப்பு வந்து நிக்கும். அது வீட்டுக்காரனோட மச்சான் ஜீப்பு. அந்த வாடகை எந்த ஆப்புலயும் இல்ல. அதனால வீட்டப் படம் புடிச்சு அனுப்பச் சொல்லாத, அத அவனே அனுப்புவான். வீடியோ கால்ல வரச் சொல்லு. தார் ரோட்டுல ஆரம்பிச்சு வாசப்படி வரைக்கும் போனத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு நடக்கச் சொல்லு. மூச்சு வாங்குதான்னு கேளு. வாங்குனா, ஒன் தொப்பைக்கு அது ஆகாது.

‘8 பேர் தங்கலாம்’னு இருக்கா? கட்டில் எத்தனைன்னு கேளு. ரெண்டுதான் இருக்கும். மிச்ச நாலு பேரும் மெத்தைய உருட்டிக்கிட்டுக் கொடைக்கானல் தரையில படுக்கணும். கக்கூஸ் எத்தனைன்னும் கேட்டுரு. காலையில ஒன் மாமியா வெளிய நின்னு கதவத் தட்டுறப்ப தாத்தன நெனைக்கக் கூடாது, ஆமா. ‘சமையக்கட்டு உண்டு’ம்பான். அடுப்பு இருக்கும், சிலிண்டர் காலியா இருக்கும். ‘கீசர் உண்டு’ம்பான், கரண்டு இருந்தா உண்டு. ‘கேம்ப் ஃபயர் உண்டு’ம்பான், வெறகுக்குத் தனிக் காசு. இல்லாதது எதுவுமே இல்லடா அந்த வீட்டுல, எல்லாத்துக்கும் ஒரு ‘ஆனா’ மட்டும் ஒட்டிக்கிட்டு இருக்கும்.

வாடகைக்கு வருவோம். முதப் பக்கத்துல ஒரு ரேட்டு போட்டிருக்கான்ல, அத நம்பி ஒன் பொண்டாட்டிகிட்டச் சொல்லிப்புடாத. துப்புரவுக் காசு, சேவைக் காசு, வரி, கூடுதல் ஆளுக்குக் காசு எல்லாம் ஏறி, கடைசிப் பக்கத்துல ஒரு தொகை வரும். அதான் வாடகை. அதுக்கும் கீழ பொடி எழுத்துல, ‘ரத்து பண்ணுனா பணம் திரும்பாது’ன்னு இருக்கும். நீ கண்ணாடி போட்டிருந்தும் அத மட்டும் படிக்க மாட்டியே. இன்னொண்ணு கேளு. உள்ள வர்றது மத்தியானம் ரெண்டு மணி, காலி பண்ணுறது காலையில பதினோரு மணி. ஒரு நாள் வாடகைக்கு எத்தன மணி நேரம் வருது? கம்ப்யூட்டர் படிச்சவன்தானே, கணக்குப் போடு. நான் கைநாட்டு, எனக்கு இருவத்தியொண்ணுதான் வருது.

‘சூப்பர்’, ‘வெரி நைஸ்’னு அஞ்சு ஸ்டார் போட்டிருக்காகளே, அத விட்டுத் தள்ளு. மூணு ஸ்டார் போட்டவன் எழுதுனதத் தேடிப் படி. அவனுக்குச் சொந்தமும் இல்ல, பகையும் இல்ல. கம்பளி நாத்தம், தண்ணி தீந்துபோனது, பக்கத்து வீட்டுப் பாட்டுச் சத்தம் எல்லாத்தையும் அவன்தான் சொல்லியிருப்பான். எந்த மாசம் எழுதுனதுன்னும் பாரு.

சுற்றுலாத் துறையில பதிஞ்ச வீடான்னு கேக்க ஒனக்குக் கூச்சமா இருக்கும். கேட்டுப்புடு. ஐகோர்ட்டு உத்தரவுன்னு, அனுமதி இல்லாத கட்டடத்துக்கெல்லாம் கொடைக்கானல்ல சீல் வச்சதப் பாத்திருக்கோம். நீ பெட்டியோட போயி நிக்கிறப்ப கதவுல அரக்கு முத்திரை தொங்கணுமா?

இதையெல்லாம் விட ஒரு சோக்கு இருக்கு. ‘எதுக்கு சார் ஆப்புல? எனக்கு நேரா அனுப்புங்க, ஆயிரம் ரூவா கொறச்சுக்கிறேன்’னு ஒருத்தன் பேசுவான். நல்ல கொணம்! அனுப்பிரு. நீ அனுப்புனதும் அவன் போனு அணைஞ்சுரும். அந்த வீடு அங்க இருக்கும், உள்ள யாரோ குடியிருப்பாக, அது வாடகைக்கு விட்ட சேதியே அவுகளுக்குத் தெரியாது. அதுக்கும் மேல ஒருத்தன், ‘அட்வான்ஸத் திருப்பித் தர்றேன், வந்த ரிக்வெஸ்ட்ட அமுக்கி பின் நம்பரப் போடுங்க’ம்பான். அடேய், பணம் வாங்குறதுக்கு எவன்டா பின் நம்பர் கேப்பான்? குடுக்குறதுக்குத்தான் அது. அப்பிடியே ஏமாந்துட்டாலும் மூலையில உக்காந்து அழுகாத, ஒடனே 1930-க்குப் போன் அடி. ஒறங்கி எந்திரிச்சு அடிச்சா, காசு ஊரு ஊராச் சுத்திட்டுப் போயிரும்.

வீடு அமைஞ்சுருச்சுன்னு ஆடாத. 2024 மே மாசத்துலருந்து மேல போக இ-பாஸ் வேணும், ஐகோர்ட்டு சொன்னது. 2025 சீசன்ல, சாதா நாள்ல 4,000 வண்டி, சனி ஞாயிறுல 6,000 வண்டின்னு கணக்கு வச்சு விட்டாக. வீட்டுக்குப் பணத்தக் கட்டிட்டு, பாஸ் இல்லாம செக்போஸ்ட்டுல நின்னு ஆப்பீசர்கிட்ட ஐடி கார்டக் காட்டுவியா? மொத பாஸப் பாரு, பொறவு பணத்தக் கட்டு. சின்னப் பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் கொண்டு போனா ஒண்ணுக்கு 20 ரூவா வரி வேற. ஏறுறப்ப எச்சரிக்கையா ஒரு பெட்டி வாங்குவா பாரு ஒன் பொண்டாட்டி, அவள நீ தடுத்துப் பாரு, பாப்போம். கவர்மெண்டு பஸ்ஸுல போனா இந்த பாஸுத் தொல்லையே இல்ல. ஆனா பஸ்ஸுல போயி எறங்குனா இன்ஸ்டாவுல போட முடியாதுல்ல.

என்னடா மொகம் சுருங்கிருச்சு? இம்புட்டுக்கும் வேற வழி இருக்குன்னுதான் சொல்ல வந்தேன். பூம்பாறையில ஒங்கப்பத்தாவோட தம்பி இருக்கான்ல, அவன் பூண்டுக் காட்டுக்குப் பக்கத்துல வீடு ஒண்ணு கட்டிப் போட்டிருக்கான். நம்ம வீடு, ஒனக்கு வெலையே வேற. காரு வாசல் வரைக்கும் போகுமாவா? போகும் போகும். கொஞ்சம் முன்னாடி நிறுத்திட்டு, காலாற நடந்தா ஒடம்புக்கு நல்லதுதானே. சுடுதண்ணியா? வெறகு கெடக்கு மலை மலையா. கட்டிலு எத்தனையா? சொந்தக்காரன் வீட்டுல கட்டில எண்ணுவாங்களாடா? வீடியோ காலா? அங்க சிக்னல் எடுக்காதுப்பா. அட்வான்ஸ எங்கிட்டயே குடுத்துரு, ரொக்கமா. ரசீதா? டேய், தாத்தன்கிட்டயா ரசீது கேக்குற? ஒங்கப்பன் என்னடா ஒன்னைய இப்பிடி வளத்து வச்சிருக்கான்!