சுவருக்குக் காய்ச்சிய கஞ்சி

எங்கள் தெருமுனையில் மாதத்துக்கு ஒருமுறையாவது வேன் வந்து நிற்கிறது. எந்தக் கட்சி என்று நான் கேட்பதில்லை, ஏறுகிறவர்களும் கேட்பதில்லை. தலைக்கு எவ்வளவு, பிரியாணி கோழியா முட்டையா, இருட்டுவதற்குள் திரும்பக் கொண்டுவந்து விடுவார்களா என்பதோடு விசாரணை முடிந்துவிடும். பேச்சைக் கேட்பதற்காக நாங்கள் கைக்காசு போட்டு டிக்கெட் வாங்கிய காலம் ஒன்று இருந்தது என்று அந்த வேன் டிரைவரிடம் ஒருநாள் சொல்லிவிடலாமா என்று எனக்குத் தோன்றும். சொன்னால் நம்பமாட்டார். என் பேரனே நம்பவில்லை.

ஆனால் உண்மை. அறுபதுகளில் தி.மு.க. மாநாடு என்றால் பந்தலுக்குள் போக நுழைவுச் சீட்டு உண்டு. மாயவரத்திலிருந்து (பலகைகளில் இப்போது மயிலாடுதுறை, பெயர் மாறியதில் எனக்கு மகிழ்ச்சிதான், வாய்க்குத்தான் இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை) நானும் என் கூட்டாளியும் வாடகை சைக்கிளில் டபுள்ஸ் அடித்துக்கொண்டு சுற்றுவட்டாரக் கூட்டங்களுக்கெல்லாம் போவோம். நோட்டீசில் மாலை ஏழு மணி என்று போட்டிருக்கும்; தலைவர் வரப் பதினொன்றரை ஆகும். அதுவரை உள்ளூர்ப் பேச்சாளர்கள் ஒருவர் மாற்றி ஒருவர், 'அவர்களே, அவர்களே' என்று மேடையில் இருப்பவர்களை விளித்து முடிப்பதற்குள் அரைமணி நேரத்தை ஓட்டிவிடுவார்கள். நாங்கள் வறுகடலைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்திருப்போம். கடைசியில் அண்ணா வந்து, கசங்கிய வேட்டியும் கலைந்த தலையுமாக மைக்கைப் பிடித்து, அந்தக் கரகரத்த குரலில் முதல் வாக்கியத்தைத் தொடங்கினால், அது எங்கெங்கோ வளைந்து, இங்கிலாந்துக்கும் ரோமாபுரிக்கும் போய்விட்டு, வினைச்சொல்லோடு சரியாக வந்து இறங்குவதற்குள் நமக்குத் தூக்கம் போய்விட்டிருக்கும்.

வீட்டுக்குத் திரும்பும்போது மணி இரண்டு. அப்பா கதர் கட்டும் காங்கிரஸ்காரர், ஆரம்பப் பள்ளி ஆசிரியர். "கூத்தாடிகள் கட்சி" என்பதைத் தவிர எங்கள் கட்சிக்கு வேறு பெயர் அவர் வாயில் வராது. ஆனால் கொல்லைக் கதவைத் தாழ் போடாமல்தான் படுப்பார். அதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று அந்த வயதில் எனக்குத் தோன்றியதே இல்லை. காங்கிரஸ்காரருக்குக் கதவைத் தாழிடக்கூடத் தெரியவில்லை என்று கூட்டாளியிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

கட்சியை நாங்கள் பிடித்தோமா, கட்சி எங்களைப் பிடித்ததா என்று கேட்டால், தமிழ்தான் பிடித்துக்கொண்டது என்று சொல்வேன். மணிக்கூண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு கீற்றுக்கொட்டகை. இரண்டு பெஞ்சு, ஒரு மண்பானை, கறுப்பு சிவப்புக் கொடி. அதற்குப் பெயர் படிப்பகம். 'முரசொலி'யும் 'நம் நாடு'ம் வரும். எழுதப் படிக்கத் தெரியாத வண்டிக்காரர்கள் சுற்றி உட்கார, ஒருவன் சத்தம்போட்டுப் படிப்பான். நான் படித்தால் 'கண்டனம்' என்ற இடத்தில் மேசையைத் தட்டுவேன். மேசை கிடையாது, பெஞ்சைத்தான் தட்டினேன், உட்கார்ந்திருந்தவர்கள் துள்ளினார்கள். அங்கே போகத் தொடங்கிய ஒரே வருஷத்தில் எங்கள் ஊரில் நமஸ்காரம் வணக்கமாகவும், அக்கிராசனர் தலைவராகவும், அபேட்சகர் வேட்பாளராகவும் மாறிவிட்டார்கள். பிள்ளையார் கோயில் குருக்களே ஒருநாள் வாய்தவறி எனக்கு வணக்கம் சொன்னார்.

பெயர்களும் மாறின. நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆன மாதிரி, ராமையா அன்பழகன் ஆன மாதிரி, சோமசுந்தரமாகப் பிறந்த நான் ஒரு வெள்ளிக்கிழமை மதியழகன் ஆனேன். அந்தப் பெயரில் கட்சியில் ஏற்கெனவே பெரிய தலைவர் ஒருவர் இருந்தது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. தபால்காரருக்குத்தான் சங்கடம்: மதியழகனுக்கு வந்த கடிதங்களை, அப்படி யாரும் இந்தத் தெருவில் இல்லை என்று எழுதித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். சான்றிதழில் மாற்ற ஆகும் செலவைக் கேட்டதும் கொள்கை கொஞ்சம் தளர்ந்தது. இன்றுவரை ஓய்வூதியம் வாங்குவது சோமசுந்தரம்தான். மதியழகன் கட்சிக்காக உழைத்ததோடு சரி.

கல்லூரிக்கு நான் எழுதிய விடுப்புக் கடிதம் ஒன்று இன்னும் மனப்பாடமாக இருக்கிறது. கடுங்காய்ச்சல் கண்டு, கண்கள் கலங்கி, கட்டிலில் கிடக்கும் காரணத்தால் கல்லூரிக்கு வர இயலாமைக்குக் கழிவிரக்கத்தோடு கைகூப்புகிறேன் என்று எழுதியிருந்தேன். கணக்கு வாத்தியார் அதை வகுப்பில் உரக்கப் படித்துவிட்டு, "எல்லாம் சரி, காய்ச்சல் எத்தனை டிகிரி?" என்று கேட்டாராம். அதைவிடப் பெரிய கூத்து, அண்ணா 'தம்பிக்கு' என்று வாராவாரம் எழுதிய கடிதம் தனியாக எனக்கு எழுதப்பட்டது என்றே நம்பி, எட்டுப் பக்கத்தில் பதில் எழுதிக் காஞ்சிபுரத்துக்கு அனுப்பியது. பதில் வரவில்லை. தலைவருக்கு வேலை அதிகம் என்று கூட்டாளி என்னைத் தேற்றினான். அவனும் எழுதியிருந்தான் என்பது முப்பது வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

அந்தக் காலத்து மூத்த கழகத்தாரிடம் ஒரு வழக்கம் இருந்தது. 1949 செப்டம்பர் 17 அன்று ராயபுரம் ராபின்சன் பூங்காவில் கட்சி தொடங்கிய கூட்டத்தில் மழை கொட்டியதல்லவா, அந்த மழையில் தாமும் நனைந்ததாக எல்லாரும் சொல்வார்கள். எங்கள் மாயவரத்தில் மட்டும் அப்படி நனைந்தவர்களை எண்ணிப் பார்த்தால் அந்தப் பூங்கா செங்கல்பட்டு வரையாவது நீண்டிருக்க வேண்டும். அப்போது எனக்கு ஒரு வயது என்பது ஒன்றுதான் என்னைத் தடுத்தது. அந்த மழையில் முளைத்தது, 1957-இல் சட்டமன்றத்தில் பதினைந்து பேர், 1962-இல் ஐம்பது பேர் என்று வளர்ந்தது. அந்த 62-இல் காஞ்சிபுரத்தில் அண்ணாவே தோற்றார். பதினான்கு வயதில் நான் அழுத முதல் அரசியல் அழுகை அதுதான்.

பிறகு 1965 வந்தது. இந்தி எதிர்ப்பு, ஊர்வலம், மூடிய கல்லூரிகள். அந்த நாட்களைப் பற்றிச் சிரித்து எழுத எனக்கு இன்றும் மனம் வரவில்லை. தீக்குளித்தவர்களின் படங்கள் படிப்பகத்தின் கீற்றுச் சுவரில் வெகுநாள் தொங்கின. கூடவே அரிசிப் பஞ்சம். நெல் விளையும் தஞ்சை ஜில்லாவிலேயே, ஒரு மூட்டையை ஊர்விட்டு ஊர் கொண்டுபோகத் திருட்டுத்தனம் பண்ண வேண்டியிருந்தது. ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று எங்கள் கட்சி சொன்னபோது, கொள்கை என்றாலே முகத்தைச் சுளிக்கும் என் அம்மா முதன்முறையாகத் தலையைத் திருப்பிப் பார்த்தாள்.

அம்மாவைப் பற்றிச் சொன்னால் பசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1967 ஜனவரி 12 அன்று எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். கழுத்துக் கட்டோடு அவர் படுத்திருக்கும் சுவரொட்டிகள் எங்கள் ஊருக்குக் கட்டுக்கட்டாக வந்து இறங்கின. ஒட்டுவதற்குப் பசை? கொல்லையில் மூன்று கல்லை வைத்து, பழைய டால்டா டின்னில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, மைதாவைக் கரைத்து ஊற்றிக் கட்டி தட்டாமல் துடுப்பால் கிண்டி, மாடு வந்து தின்றுவிடாமலிருக்க மயில்துத்தம் ஒரு சிட்டிகை போட்டு இறக்குவேன். நீலம் பாய்ந்த அந்த வாசனை இப்போதும் மூக்கில் இருக்கிறது. அம்மா நிலைப்படியில் நின்று பார்த்தாள். "மனுசனுக்குக் குடிக்கக் கஞ்சி இல்ல. இவன் செவுத்துக்குக் கஞ்சி காய்ச்சுறான்" என்றாள். அன்றைக்கு வீட்டில் மரவள்ளிக்கிழங்கு என்பது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. டின் ஆறுவதற்குள் ஹாண்டில்பாரில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

எத்தனை சுவர்கள், எத்தனை நாய்கள்! இரண்டு மலைகளுக்கு நடுவே உதயசூரியனைச் சுண்ணாம்பிலும் காவியிலும் வரைவதில் கூட்டாளி கெட்டிக்காரன். கதிர்களை ஒரே சீராக இழுப்பான். அவன் சூரியன் ஏனோ எப்போதும் கொஞ்சம் நசுங்கிய இட்லி மாதிரியே இருக்கும், ஆனால் வாக்காளர்கள் பெரிய மனது பண்ணினார்கள்.

பிப்ரவரியில் முடிவுகள் வந்தன. முன்னிலை, பின்னடைவு என்று நிமிஷத்துக்கு நிமிஷம் திரை துடிக்கும் இன்றைய அவசரம் கிடையாது. நகராட்சிப் பூங்கா ரேடியோவின் கீழே ஊரே நிற்கும். டீக்கடைக் கரும்பலகையில் ஒருவன் சாக்கட்டியால் எழுதி அழித்து எழுதுவான். ஒரு முடிவுக்கும் அடுத்த முடிவுக்கும் நடுவில் டீ குடிக்கலாம், சண்டை போடலாம், சமாதானமும் ஆகலாம். தி.மு.க.வுக்கு 234-இல் 137. விருதுநகரில் காமராஜர், ஒரு மாணவர் தலைவரிடம், 1,285 வாக்குகளில் தோற்றார் என்ற செய்தி வந்ததும் நான் செய்த காரியம் என்ன தெரியுமா? எங்கள் வீட்டு வாசலிலேயே சரவெடியைக் கொளுத்தினேன்.

புகை அடங்கியபோது அப்பா திண்ணைத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். திட்டவில்லை. "மதிய சாப்பாடு போட ஆரம்பிச்ச வருஷம் என் பள்ளிக்கூடத்தில் எத்தனை பிள்ளைங்க புதுசா வந்து சேர்ந்தாங்க, தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். எண்ணிக்கையையும் அவரே சொன்னார். எனக்குத்தான் காது வெடியில் அடைத்திருந்தது. இரவு அவர் சாப்பிடவில்லை. காமராஜரின் தோல்வியை அண்ணாவே கொண்டாடவில்லை என்று பின்னால் படித்தபோது, தலைவருக்குத் தெரிந்திருந்தது தம்பிக்குத் தெரியாமல் போயிற்றே என்று கூசினேன்.

மார்ச்சில் அண்ணா முதலமைச்சர். ரூபாய்க்கு ஒரு படி அரிசி சென்னையிலும் கோவையிலும் வந்தது. அதை விளைவித்த எங்கள் பக்கம் வந்து சேரவில்லை. "சூரியன் மாயவரத்துக்கு எப்ப வரும்?" என்று அம்மா தினமும் விசாரித்தாள். மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வந்து சில நாட்களிலேயே, 1969 பிப்ரவரி 3-இல், அண்ணா போய்விட்டார். 1972-இல் எம்.ஜி.ஆர். தனிக்கட்சி கண்டார், கூட்டாளி அவரோடு போனான். ஒரே டீக்கடையில் இரண்டு பெஞ்சு ஆயிற்று. இருபது வருஷம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. கொடியில் வித்தியாசம் நடுவில் அண்ணாவின் உருவம், அவ்வளவுதான். இப்போது காலை நடையில் இருவரும் சேர்ந்துதான் போகிறோம். சர்க்கரை இருவருக்கும் ஒரே அளவு.

படிப்பகம் இருந்த இடத்தில் செல்போன் கடை. சுவரில் எழுத ஆளில்லை, ஃப்ளெக்ஸ் வந்துவிட்டது. சூரியன் அதில் பிசிறில்லாமல் வட்டமாக இருக்கிறது, எனக்கென்னவோ அந்த இட்லியைப் பார்க்கத்தான் ஆசையாக இருக்கிறது. ரேஷனில் அரிசி இலவசம். ரூபாய்க்கு மூன்று படி கேட்டு நாங்கள் தொண்டை கிழிந்த ஊரில், அந்த அரிசியைக் கோழிக்கு இறைக்கிறார்கள். அம்மா இருந்திருந்தால் கோழியை அடித்திருப்பாள். வேட்பாளரைப் பேரன் 'கேண்டிடேட்' என்கிறான். அவன் பெயரில் ஒரு 'க்ஷ'வும் ஒரு 'ஷ்'ஷும் இருக்கின்றன. வைத்தது என் மகன்தான், மதியழகனின் மகன்.

2024 அக்டோபர் 27 அன்று விக்கிரவாண்டியில் நடிகர் விஜய்யின் கட்சிக்கு முதல் மாநாடு. பேரன் முதல்நாள் இரவே கிளம்பினான், சேமித்த கைக்காசில், வேனும் பிரியாணியும் யாரும் தராமல். "கூத்தாடி..." என்று ஆரம்பித்தேன். அந்தக் குரல் என்னுடையது மாதிரியே இல்லை. பாதியில் நிறுத்திக்கொண்டு, தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொண்டாயா என்று கேட்டேன். மறுநாள் இரவு இரண்டு மணிக்கு, வெயிலில் வெந்து, தொண்டை கட்டி வந்து சேர்ந்தான். கேட்டை நான் பூட்டவில்லை.

"தாத்தா, 67-ல நீங்க ஓட்டுப் போட்டீங்கள்ல?" என்று சோற்றுத்தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டான். இல்லை, அப்போது இருபத்தொரு வயதானால்தான் ஓட்டு, எனக்குப் பத்தொன்பது. அவன் சிரித்தான். அவனுக்கு அன்றைக்குப் பதினேழு.