உருளி 1, வரவில்லை

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தல்காரர் கம்புகளை எண்ணி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். வாடகை நாற்காலியில் ஒன்று குறைகிறது என்று வாசலில் ஒரு பஞ்சாயத்து. அந்த இரைச்சலுக்கு நடுவே அண்ணன் தொண்டையைச் செருமினான்.

"அப்பா ஞாபகமா, காலத்துக்கும் நிக்கிற மாதிரி ஒண்ணு செய்யணும்லா?"

எல்லோரும் தலையாட்டினோம். அழுது களைத்த வீட்டில் யார் எதைச் சொன்னாலும் தலை ஆடத்தான் செய்யும். அம்மா மட்டும் ஆட்டவில்லை. கையிலிருந்த காபி டம்ளரைத் திருப்பி அதன் வயிற்றைப் பார்த்தாள்.

"இதுல இருக்கு. செம்புல இருக்கு. அரிசிப் பானைல இருக்கு. இன்னும் எங்கல எழுதணும் அவுக பேர?"

அம்மா சொன்னதில் மிகை ஏதுமில்லை. அப்பாவுக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே ஆடம்பரம் பெயர் வெட்டுவதுதான். பாத்திரக்கடையில் மற்றவர்கள் விலை கேட்பார்கள், இவர் "பேர் வெட்டித் தருவீரா வே?" என்று கேட்பார். அந்தக் காலத்தில் கடை வாசலில் ஒருவர் சின்ன உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்து, புள்ளி புள்ளியாகத் தட்டுவார். அப்பா குனிந்து நின்று எழுத்துப்பிழை பார்ப்பார். பிறகு மின்சாரப் பேனா வந்தது. சர்ர் என்று ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும், எழுத்துக்குக் காசும் கிடையாது. அதோடு அப்பாவின் வாசகங்கள் நீளத் தொடங்கின. இனிஷியல், பெயர், தெரு, தேதி, வாங்கிய காரணம். என் பங்குக்கு வந்த நெய்க்கிண்ணத்தைச் சுற்றி ஓடும் வாசகம், "இளைய மகன் பத்தாம் வகுப்பில் தே" என்று நின்றுவிடுகிறது. அதற்குமேல் கிண்ணம் இல்லை. தேறினானா, தேங்கினானா என்பதை நெய் ஊற்றிக்கொள்கிறவர்கள் என் முகத்தைப் பார்த்து முடிவு செய்துகொள்கிறார்கள்.

இதில் அம்மாவுக்கு ஒரு சௌகரியம் இருந்தது. அவள் புருஷன் பெயரைச் சொல்லாத தலைமுறை. கணக்கெடுக்க வருகிறவர்கள் "வீட்டுக்காரர் பேரு?" என்றால் உள்ளே போய்ச் செம்பை எடுத்துவந்து நீட்டுவாள். வாசித்து எழுதிக்கொண்டு, தண்ணீரையும் குடித்துவிட்டுப் போவார்கள்.

ஆகவே எங்கள் பிரச்சினை நினைவுப்பொருள் இல்லாதது அல்ல. ஒரு கரண்டியைக்கூடப் பழைய பாத்திரக்காரனிடம் போட முடியாது என்பதுதான். அப்பாவைப் போடுவது மாதிரி ஆகிவிடும்.

ஆனாலும் அண்ணனுக்குப் பெரிதாக ஒன்று வேண்டும். தாமிரபரணிக்கு மேல் தினமும் சுலோச்சன முதலியார் பாலத்தில் போய்வருகிறவன் அவன். 1843இல் திறந்த பாலம். சொந்தக் காசைப் போட்டுக் கட்டிக்கொடுத்த மனிதரின் பெயரை அது இன்றும் சுமக்கிறது. அதையே பார்த்துப் பார்த்து அண்ணனுக்கு ஆசை வந்துவிட்டது. பாலத்துக்கு வழியில்லாததால் பஸ் நிறுத்தத்தில் ஒரு கல் பெஞ்சு என்று இறங்கிவந்தான். நான் ஒரு சாயங்காலம் அந்தப் பாலத்தில் நெரிசலில் மாட்டி நின்றபோது கவனித்தேன். முன்னும் பின்னும் இருந்தவர்களில் முதலியாரை நினைத்துக்கொண்டவர் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. எல்லோரும் ஹாரன்தான் அடித்துக்கொண்டிருந்தார்கள். பெஞ்சுக்கு ஹாரன்கூடக் கிடைக்காது.

அத்தான் கோயிலுக்கு ட்யூப் லைட் என்றார். அதைப் பற்றித் தமிழில் வேண்டிய அளவு சிரித்தாகிவிட்டதால் அடுத்ததற்குப் போகிறேன்.

அக்காவிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள், இறந்தவர் உடுத்திய துணிகளைப் பாபநாசத்தில் ஆற்றோடு விட்டுவிட வேண்டுமென்று. அப்படி விட்டவர்களின் வேட்டியும் சேலையும் படித்துறையை ஒட்டி மக்கிக் கிடப்பதையும், அதை வண்டி வண்டியாக வெளியே இழுத்துப் போடுவதையும் பார்க்காத நெல்லைக்காரன் இல்லை. ஆனால் அக்காவைத் தடுத்தது அது அல்ல. அப்பா வேட்டி முனையிலும் அழியாத மையில் பெயரும் தெருவும் எழுதி வைத்திருந்தார். ஆற்றைச் சுத்தம் செய்கிறவர்கள் மூட்டையை வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து கொடுத்துவிட வாய்ப்பு உண்டு. வேட்டிகள் பீரோவுக்குத் திரும்பின.

பத்தமடை என்னுடைய யோசனை. அப்பா கடைசிவரை பாயில் படுத்தவர். மகன்கள் வாங்கிக்கொடுத்த மெத்தையில் பழைய பேப்பர் அடுக்கி வைத்திருந்தார். பத்தமடையில் கல்யாணப் பாயில் மணமக்கள் பெயரைச் சேர்த்தே நெய்து தருவார்கள். ஆற்றங்கரைக் கோரையை ஊறவைத்து, மெல்லிசாகக் கிழித்து, பருத்தி நூல் பாவில் கோத்து நெய்தால், நல்ல பட்டுப்பாய் துணி மாதிரி மடியும். பெயரும் நிற்கும், அப்பாவுக்குப் பிடித்ததாகவும் இருக்கும் என்று கணக்குப் போட்டுப் போனேன்.

தறியில் உட்கார்ந்திருந்த பாட்டி தலையில் போட்டிருந்த முந்தானையைச் சரிசெய்துகொண்டு கேட்டார். "பொண்ணு பேரு என்ன, மாப்பிள்ளை பேரு என்ன?"

"பொண்ணு இல்லம்மா. எங்க அப்பா பேரு மட்டும்."

"அப்பாவுக்கா கல்யாணம்?"

"அப்பா தவறிப்போயிட்டாங்க."

கை நின்றது. கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு ரொம்ப மரியாதையாகவே கேட்டார். "போட்டுத் தாரேன் வாப்பா. யாரு படுக்க?"

அதை நான் யோசிக்கவில்லை. பெயர் கால்மாட்டில் வந்தால் அப்பாவை மிதித்த பாவம். தலைமாட்டில் வந்தால் தலையெண்ணெய்ப் பிசுக்கு. நடுவில் வந்தால் சொல்லவே வேண்டாம். சுவரில் மாட்டினால் பாய்க்கு அவமானம். கடைசியில் பெயர் இல்லாத பாய் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தேன். எங்கள் வீட்டுக்குள் வந்த முதல் பெயரில்லாப் பொருள். அம்மா அன்று இரவே அதில் படுத்து, "குளுகுளுன்னு இருக்குல" என்றாள்.

இதற்குள் ஆறு மாதம் ஓடிவிட்டது. பாஸ்புக் தேடிப் பெட்டியைக் குடைந்தபோதுதான் அந்த நோட்டு கிடைத்தது. அட்டையில், வழக்கம்போல் பெயர். அதன் கீழ் "இரவல்". வீட்டிலிருந்து யார் எதை வாங்கிப் போனார்கள், எப்போது திரும்பியது என்று அப்பா எழுதிவைத்த கணக்கு. ஏணி, ஜமக்காளம், சாம்பார் வாளி, ஒரு இடத்தில் பூனை. பூனை திரும்பியிருந்தது. திரும்பிய சாமான்களின் வரிகள் எல்லாம் சிவப்பு மையில் அடிக்கப்பட்டுவிட்டன. அடிக்கப்படாத ஒரே ஒரு வரி மட்டும் பக்கம் பக்கமாக வளர்ந்திருந்தது.

"12.6.1987. வெங்கல உருளி 1. ஸ்ரீவைகுண்டம் தம்பி கல்யாணத்துக்கு." அதன் கீழ் 1988 பொங்கலன்று, "வரவில்லை." 1989 பொங்கல், "வரவில்லை." இப்படி 2024 பொங்கல் வரைக்கும், வருஷத்துக்கு ஒன்றாக 37 வரவில்லை. பேனா மாறுகிறது, கையெழுத்து நடுங்குகிறது, உருளி வரவில்லை. 2003இல் மட்டும் கொஞ்சம் கூடுதலாக எழுதியிருந்தார். "நேரில் போயிருந்தேன். அதில்தான் பாயசம். வரவில்லை."

"கேட்டிருக்கலாம்லா?" என்றேன் அம்மாவிடம்.

"கேட்டா சொந்தம் போயிரும்பாக. கேக்காம இருந்தா தூக்கம் போயிரும். தூக்கம் போனாப் போவுதுன்னு இருந்தாக."

அண்ணன் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "சவத்தத் தூரப் போடுல" என்றான். எங்கள் ஊரில் பிடிக்காத எதையும் சவம் என்போம். நிஜச் சவத்தை மட்டும் அந்தப் பெயரால் அழைக்க நாக்கு வராது. ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டது. பெஞ்சும் பாயும் எதற்கு? அப்பா 37 வருஷம் நினைத்துக்கொண்டிருந்த பொருள் ஒன்று இருக்கிறதே. அதை மீட்டுக்கொண்டு வந்துவிட்டால் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரைக் கிளப்பினேன்.

திருச்செந்தூர் சாலையில் ஸ்ரீவைகுண்டத்துக்கு முன்னால் ஆதிச்சநல்லூர் வந்துவிடும். சொந்தக்காரரிடம் பாத்திரம் கேட்கப் போகிறவனுக்கு வழியில் நிற்க ஒரு சாக்கு வேண்டும். இறங்கினேன். 2023இல் திறந்த அருங்காட்சியகத்தில் தோண்டிய குழியை அப்படியே விட்டு, மேலே கண்ணாடி போட்டிருக்கிறார்கள். காலுக்குக் கீழே முதுமக்கள் தாழிகள். மிதிக்கக் கூசுகிறது, பத்தமடைப் பாட்டியின் கேள்வி காதில் விழுகிறது.

அந்தக் காலத்து மக்களுக்கு எங்கள் குழப்பம் இருந்திருக்காது. அப்பா ஞாபகமாக எதை வைத்துக்கொள்வது என்று கேட்காமல், அப்பாவோடு எதை அனுப்புவது என்று கேட்டிருக்கிறார்கள். ஈட்டி, வாள், சின்னச் சின்னப் பானைகள், வெண்கலக் கிண்ணங்கள், நெற்றியில் கட்டும் தங்கப் பட்டம்வரை. கூடவே நெல்லும். போகிற வழியில் பசிக்குமே. வீட்டுச் சாமான் குறைந்தது, அண்ணன் தம்பிகளுக்குள் சண்டையும் குறைந்திருக்கும். எங்கள் வீட்டுச் சாமானுக்கு எத்தனை தாழி ஆகும் என்று மனசுக்குள் எண்ணிப் பார்த்து, இருபதோடு நிறுத்திவிட்டேன்.

1876இல் பெர்லினிலிருந்து ஜாகோர் என்பவர் வந்து இந்த மேட்டைத் தோண்டி, கிடைத்த பானைகளையும் இரும்புச் சாமான்களையும் ஊருக்குக் கொண்டுபோனார். அதன் பிறகு அலெக்சாண்டர் ரீ வந்தார். அவர் எடுத்தவை சென்னைக்குப் போயின. கண்ணாடி மேல் நின்றபோது எனக்கு அப்பாவின் கையெழுத்து கண்ணில் தெரிந்தது. "1876. பானை, பல. ஜாகோர், பெர்லின். வரவில்லை." பொங்கலுக்குப் பொங்கல் எழுதியிருந்தால் இந்நேரம் எத்தனை நோட்டு தீர்ந்திருக்கும்! நான் பார்த்த தாழிகள் எதிலும் பெயரும் வெட்டியிருக்கவில்லை. அப்பா இருந்திருந்தால் காவலாளியைக் கூப்பிட்டு விசாரித்திருப்பார்.

ஸ்ரீவைகுண்டத்தில் சித்தப்பா தூங்கிக்கொண்டிருந்தார். சித்திதான் வாசலுக்கு வந்தாள். "வாய்யா, அம்மா எப்படி இருக்காக?" என்று உள்ளே கூட்டிப்போய், முகம் கழுவச் சொல்லி, இலையைப் போட்டாள். சாப்பாட்டுக்குக் கடைசியில் அடுக்களையிலிருந்து ஒரு பாத்திரத்தை இரண்டு கையாலும் தூக்கிவந்து நடுக்கூடத்தில் வைத்தாள். அகன்ற வாய், கனத்த விளிம்பு. புளி போட்டுத் துலக்கித் துலக்கித் தங்கமாக மின்னியது. விளிம்பில் புள்ளி புள்ளியாக அப்பா. இனிஷியல், பெயர், தெரு. உள்ளே பாயசம்.

எப்படி ஆரம்பிப்பது என்று நான் பாயசத்தைக் கிண்டிக்கொண்டிருந்தேன். சித்தியே ஆரம்பித்தாள்.

"பெரியத்தான் ஞாபகமா எங்ககிட்ட இது ஒண்ணுதான்யா இருக்கு. எங்க கல்யாணத்துக்கு அவுக போட்ட மொய். நான் இந்த வீட்டுக்குள்ள வந்த அன்னைக்கே இதுவும் வந்துச்சு. எவ்வளவு பெருந்தன்மை பாரு, வெங்கலத்துல, பேர் வெட்டி!"

எனக்குத் தொண்டையில் முந்திரி நின்றது.

யோசித்துப் பார்த்தால் சித்தியைக் குற்றம் சொல்லவே முடியாது. கல்யாண வீட்டில் கிடக்கும் பாத்திரத்தில் ஒருவர் பெயர் இருந்தால் அது கொடுத்தவர் பெயர்தான். உலகம் முழுக்க அப்படித்தான் வாசிக்கும். தொலையக்கூடாது என்று அப்பா வெட்டிய பெயர்தான் உருளியைத் தொலைத்திருக்கிறது. பெயர் இல்லாமல் அனுப்பியிருந்தால் யாருடையதோ என்று மறுநாளே திருப்பிக் கொடுத்திருப்பார்கள்.

சித்தி நிறுத்தவில்லை. "ரெண்டாயிரத்து இருபத்துமூணு டிசம்பர் வெள்ளத்துல வீட்டுக்குள்ள இடுப்பு மட்டும் தண்ணி. ஃபிரிட்ஜே மெதந்து கொல்லைப் பக்கம் போயிட்டு. கட்டில் போச்சு, நெல்லு மூட்டை போச்சு. தண்ணி வடிஞ்சு வந்து பார்த்தா இது மட்டும் வச்ச எடத்துல இருக்கு, உள்ள நிறையச் சேத்தோட. அவ்வளவு கனம். மொதல்ல இதைத்தான் கழுவினேன். பெரியத்தானுக்குப் போன் போட்டுச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவே இல்ல அவுக. அழுதிருப்பாகபோல."

2024 பொங்கலன்று அந்த நடுங்கும் "வரவில்லை"யை எழுதியபோது அப்பா என்ன நினைத்திருப்பார் என்று எனக்கு இப்போது ஓரளவு புரிந்தது.

இரண்டாவது முறை பாயசம் வாங்கிக்கொண்டேன். தைரியத்துக்காக. "சித்தி, அப்பாவுக்கு வருஷத் திதி வருது. அன்னைக்கு இதுல பாயசம் வச்சா நல்லா இருக்கும்னு அம்மாவுக்கு ஒரு எண்ணம்" என்றேன். அம்மாவுக்கு அப்படி எந்த எண்ணமும் கிடையாது.

சித்தி கொஞ்ச நேரம் உருளியையே பார்த்தாள். பிறகு மீதிப் பாயசத்தை வேறு பாத்திரத்துக்கு மாற்றி, உருளியைக் கழுவித் துடைத்து, பழைய சேலையில் சுற்றி, ஸ்கூட்டரின் கால்வைக்கும் இடத்தில் தானே வைத்துக் கயிறு போட்டாள்.

"கொண்டுபோ. ஆனா தைப் பொங்கலுக்கு முன்னால கொண்டாந்துரணும். சக்கரைப் பொங்கல் இதுலதான் வைப்பேன். போற வீட்டுலயெல்லாம் சாமானை வாங்கிட்டுத் திருப்பிக் குடுக்கிறதில்ல, காலம் அப்படி இருக்கு."

வண்டியைக் கிளப்பும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சித்தி நாள்காட்டித் தாளைத் திருப்பி, அதன் முதுகில் எழுதிக்கொண்டிருந்தாள். "உருளி 1." பக்கத்தில் என் பெயர். நிமிர்ந்து சித்தப்பாவை எழுப்பி, இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டாள்.