ஏறத் தெரியாத விளைக்காரன்

பாகப்பிரிவினையில் பெரிய அண்ணனுக்குத் தூத்துக்குடி வீடு, சின்ன அண்ணனுக்கு முத்தையாபுரம் பக்கம் உப்பளம், எனக்கு உடன்குடி விளை. விளை என்றால் எங்கள் பக்கம் பனந்தோப்பு. ஒன்றரை ஏக்கர் செம்மணல், நாற்பத்தேழு பனை, ஓரத்தில் குடை பிடித்த மாதிரி நாலைந்து உடைமரம், பத்திரத்தில் பேர் இல்லாமலே குடியேறிவிட்ட சீமைக்கருவேலம். "பனைக்குத் தண்ணி ஊத்தணுமா, உரம் வைக்கணுமா? சும்மா பாத்துக்கிட்டாப் போதும்லே" என்றார் பெரிய அண்ணன். இருபது வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், கீழே நின்று அண்ணாந்தபடி. எனக்கு மரமேறத் தெரியாது. தூத்துக்குடியிலிருந்து ஐரோப்பாவுக்குப் பிரஷ் செய்யப் போன பனந்தும்புகூடக் கப்பலேறியிருக்கிறது, நான் மரமேறியதில்லை.

தாத்தா கொட்டை போட்டது 1961-இல். வருஷம் மறக்காததற்குக் காரணம் உண்டு. தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்த வருஷம் அது. ஊரே சிப்பி ஏலத்துக்கு ஓடியபோது, தாத்தா மட்டும் சாக்கில் பனங்கொட்டையைச் சுமந்துகொண்டு தேரிச் செம்மணல் மேட்டுப் பக்கம் நடந்தாராம். பாட்டி சாகிறவரைக்கும் இதைச் சொல்லி ஏசினாள். பனை பாளை விடப் பன்னிரண்டு, பதினைந்து வருஷம் ஆகும். அதுவரை அது ஆணா பெண்ணா என்பதே தெரியாது. தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பார்கள். தாத்தா முதல் பாளைக்கு முந்தின வருஷமே போய்விட்டதால் அதுவும் பொய்த்துப்போனது.

தை பிறந்தால் பனையேறி அண்ணாச்சி வருவார். ஆடி வரைக்கும் காலையில் ஒரு ஏற்றம், சாயங்காலம் ஒரு ஏற்றம். பாளையின் நுனியை வெற்றிலை கனத்துக்குச் சீவிவிட்டுக் கலயத்தைக் கட்டுவார். ஒரு நாள் பதநீர் எனக்கு, மறுநாள் அவருக்கு என்பது ஏற்பாடு. என் முறை வரும் நாளில் மட்டும் பாளைக்குச் சுரத்து குறைந்துவிடுவது ஏன் என்று இருபது வருஷமாக யோசிக்கிறேன், வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்டால் "நீங்களே ஏறிப் பாருங்களேன்" என்பார்.

ஒரு மாசி மாதம், சும்மா நிற்கிறோமே என்று வெட்கப்பட்டு, பதநீர் புளிக்காமலிருக்கக் கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவும் வேலையை வாங்கிக்கொண்டேன். அது என்ன பெரிய வித்தை, வீட்டுக்கு வெள்ளையடிக்கிறதுதானே? சுண்ணாம்பு வாடை அடிக்கக்கூடாது என்று நாசூக்காக, பவுடர் போடுகிற மாதிரி தடவினேன். மறுநாள் காலையில் இறங்கிய கலயமெல்லாம் நுரை தள்ளிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி மோந்து பார்த்தார். பிறகு ரோட்டை ஒரு தடவை பார்த்தார்.

"இது பதநீ இல்ல கேட்டியளா. குடிச்சா நல்லாத்தான் இருக்கும், பிடிச்சா நல்லாருக்காது."

தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. அவ்வளவையும் மரத்து மூட்டிலேயே கொட்டினோம். அன்று என் முறை என்பதைச் சொல்லவேண்டியதில்லை. அடுத்த நாள் ரோஷத்தில் அள்ளிப் பூசினேன். குடித்த மைத்துனருக்கு இரண்டு நாள் நாக்கு மரத்துக் கிடந்தது. அத்தோடு எனக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.

ஆடி பிறந்தால் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று தேரி மணலைக் கிளப்பிவிடும். போன வருஷம் என் எல்லைக்கல்லே மூடிப்போயிற்று. பக்கத்து விளைக்காரர் போன் போட்டு, "உங்க மண்ணு எங்க வேலிக்குள்ள வந்துட்டு, அள்ளிக்கிட்டுப் போங்க" என்றார். யார் மண் என்று அவர் எப்படிக் கண்டுபிடித்தாரோ.

சீமைக்கருவேலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2017-இல் உயர் நீதிமன்றமே அகற்றச் சொன்னது. நானும் ஜேசிபி வைத்து அகற்றினேன். வாடகைப் பாக்கியைத் தீர்ப்பதற்குள் அது திரும்பி வந்துவிட்டது.

ஆவணியில் பனம்பழம் விழும். பொறுக்கி, கொட்டையைப் பாத்தி கட்டிப் புதைத்தால் பொங்கலுக்குக் கிழங்கு. 2023-இலும் புதைத்தேன். டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை. எங்கள் மாவட்டத்தில் வருஷம் முழுக்கப் பெய்தாலும் அவ்வளவு வராது. ரோடு அறுந்து, தூத்துக்குடி வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் நின்றபோது கிழங்கை யார் நினைத்தார்கள்? அந்தப் பொங்கலுக்குக் கடையில் வாங்கித்தான் அவித்தோம்.

அடுத்த ஆடியில் போய்ப் பார்த்தால் பாத்தி முழுக்க ஒற்றை ஓலை நீட்டிக்கொண்டு நிற்கிறது, தோராயமாக இருநூறு. பிடுங்கி நட்டால் பிழைக்காது, விட்டால் ஒன்றையொன்று நெருக்கும். பனை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்தது. ஒரு சாண் உயரத்துக்கும் மனு போடவேண்டுமா என்று கேட்டேன்.

"கிடக்கட்டும். நாலஞ்சு தேறும்" என்றார் அண்ணாச்சி.

மணலில் விரலால் கணக்குப் போட்டேன். பாளை வரும்போது எனக்கு எழுபத்து மூன்று, அவருக்கு எண்பது தாண்டிவிடும். அவர் மகன் துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறான்; பனைப் பக்கம் திரும்பியும் பார்ப்பதில்லை.

"அப்ப யாரு ஏறுவா அண்ணாச்சி?"

"அதுக்குள்ள நீங்க படிச்சிர மாட்டியளா?" என்றபடி காலில் கிடந்த தளைநாரைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

நேற்று மூன்றடி ஏறிவிட்டேன். இறங்குவது எப்படி என்று கேட்கலாமென்று பார்த்தால், அவர் டீ குடிக்கப் போயிருந்தார்.