ஒன்றரை விநாடிக் கச்சேரி

கிதாருக்குக் கம்பி ஆறு. கம்பிக்கு மூன்று சுரம் வீதம் மொத்தம் 18. மெட்ரனோமை நிமிடத்துக்கு 200 தட்டில் வைத்து, தட்டுக்கு நான்காக வாசித்தால் அத்தனையும் ஒன்றரை விநாடிக்குள் தீர்ந்துவிடும். அதற்காக ஆறு மாதம் பழகினேன். விரல்நுனிகள் காய்த்துப்போயின, கம்பி தாண்டும் இடத்தில் மட்டும் பிக் இன்னமும் வாசற்படி தடுக்குவதுபோல் தடுக்குகிறது. மறைப்பதற்கு டிஸ்டார்ஷன் பெடல் என்ற புண்ணியவதி இருக்கிறாள்.

1984-இல் 'ரைசிங் ஃபோர்ஸ்' ஆல்பத்தில் கிதார்க் கலைஞர் இங்வே மால்ம்ஸ்டீன் இப்படி ஓடியபோது, ஓட்டத்துக்குள் இசையும் இருந்தது. அவரைப் பார்த்துப் பழகிய நாங்கள் ஓட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். ப்ளூஸ் கிதார்க் கலைஞர் பி.பி. கிங் ஒரே சுரத்தை வளைத்தே ஆளை உருக்கிவிடுவார். நான் பதினெட்டையும் கொட்டிவிட்டு நிமிர்ந்தேன். அம்மா கேட்டாள்: "சுருதி சேத்தாச்சா? பாட்டு எப்போடா?"