ஒரு வார்த்தை அண்ணாச்சி

அண்ணாச்சி ‘ஒரு வார்த்தை’ சொல்லிவிட்டாராம். இனி உங்களுக்குத் திருவனந்தபுரத்தில் வேலை கிடைப்பதை யாராலும் தடுக்க முடியாது. பரீட்சை எழுதித் தேறி, நேர்முகத்தில் உளறாமல் பதில் சொல்ல வேண்டியது மட்டும்தான் உங்கள் பாடு. மற்றதையெல்லாம் அவர் பார்த்துக்கொள்வார்.

நாகர்கோவில் வண்டியில் வந்து தம்பானூரில் இறங்கும் எந்தப் பிள்ளையும் முதல் வாரத்திலேயே அவரிடம் அகப்பட்டுவிடும். கரமனையில், வலியசாலையில், சாலைக் கடைத்தெருவில், எங்காவது ஒரு திருப்பத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பார்.

“எந்த ஊரு மக்கா?”

“தக்கலை.”

“தக்கலையில எங்க?”

அடுத்த கேள்விக்குள் உங்கள் பெரியம்மாவின் கொழுந்தனார் அவருக்கு ஒன்றுவிட்ட மைத்துனர் ஆகியிருப்பார். “பயோடேட்டா ஒண்ணு கொண்டா. வெப்ராளப்படாத. நான் ஒரு வார்த்தை சொல்லி வைக்கேன், கேட்டியா?”

அந்த வார்த்தை சொல்லப்படும் காட்சியைப் பார்க்க வேண்டும். சட்டைப்பையிலிருந்து ரப்பர் பேண்டு போட்ட சின்ன டயரி வெளியே வரும். அதில் பாதி எண்கள் இன்னும் ஆறு இலக்கத்திலேயே நிற்கின்றன. “முன்னால ஒரு ரெண்டு போடணும்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஒவ்வொரு பொத்தானாக அழுத்துவார். “சாரே, ஞானாணு. நம்ம பையன் ஒருத்தன். நல்ல குடும்பமாக்கும். ஒண்ணு நோக்கணே சாரே.” பிறகு போனை மூடி, வேட்டி நுனியால் துடைத்து, “ஆச்சு” என்பார். அந்த ‘ஆச்சு’வைக் கேட்டுக் கண் கலங்கிய தகப்பன்மார் பலர்.

ஒரே ஒரு சிக்கல். கேரளத்தில் அரசு ஊழியர் பெரும்பாலோர் 56 வயதிலேயே ஓய்வு பெற்றுவிடுகிறார்கள். அண்ணாச்சிக்கு எழுபது தாண்டிவிட்டது. டயரியில் இருக்கும் சார்மாருக்கும் அதே வயதுதான். ஆகவே அவர் சொல்லும் வார்த்தைகளெல்லாம் ஏதோ ஒரு வராந்தாவில், சாய்வு நாற்காலியில், பிற்பகல் தூக்கத்தில் போய் விழுகின்றன.

இதனால் அவர் புகழுக்கு ஒரு குறையும் வரவில்லை. யாருக்கு வேலை கிடைத்தாலும் கணக்கு அவர் பேரில்தான். 1990-இல் கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் வந்த பிறகு அவருடைய கணக்கு எக்கச்சக்கமாக ஏறிவிட்டது. எனக்கு ஆர்டர் வந்த பிறகு ஒரு கல்யாண வீட்டில், பிரதமன் பாயசத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நாலு பேருக்கு என்னைக் காட்டி, “நம்ம வச்ச ஆளாக்கும்” என்றார். என்னைத் திரையில் பேட்டி கண்டவர் புனேயில் இருந்த ஓர் அம்மா. அவரை அண்ணாச்சி எப்படிப் பிடித்தார் என்று தனியாகக் கேட்டேன். “அதெல்லாம் வெளியில சொல்லப்படாது மக்கா.”

தும்பாவில் 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் கிளம்பிய கதையிலும் அவருடைய சித்தப்பா வருகிறார். அன்று யாரிடமோ ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார்; அதனால்தான் ராக்கெட் மேலே போயிற்று. மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளைக்கு இங்கே மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியர் வேலை கிடைத்தது 19-ஆம் நூற்றாண்டில். அண்ணாச்சி அப்போது பிறக்கவில்லை, பிள்ளையவர்கள் தப்பித்தார்.

ஒரு காலத்தில் இந்த வார்த்தைக்கு மதிப்பு இருந்திருக்கும். நாகர்கோவிலும் தக்கலையும் திருவிதாங்கூரில் இருந்தவரை, அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தலைநகரம் இதுதான்; சர்க்கார் உத்தியோகமும் இங்கேதான். 1956 நவம்பர் 1-ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் அன்று சென்னை மாநிலமாக இருந்த தமிழ்நாட்டோடு சேர்ந்தது. களியக்காவிளையில் எல்லை விழுந்த சங்கதியை அண்ணாச்சியிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

சிரிப்பதெல்லாம் இதுவரைதான். சாலைக் கடைத்தெருவில் ஒரு பலசரக்குக் கடையில் கணக்கெழுதும் ஒருவரின் மகன், இங்கேயே பிறந்து வளர்ந்தவன், படித்துவிட்டு கேரள பப்ளிக் சர்வீஸ் கமிஷன் (பி.எஸ்.சி.) வேலைக்குக் காத்திருந்தான். பி.எஸ்.சி.க்கு இணையத்தில் ஒருமுறைப் பதிவு செய்துவிட்டால் மட்டும் போதாது. ஒவ்வொரு அறிவிப்புக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கடைசி நாள் நள்ளிரவு தாண்டினால் போச்சு. ராங்க் லிஸ்டில் பெயர் வந்தாலும் அதற்கு ஆயுள் மிஞ்சிப்போனால் மூன்று வருஷம். “பட்டத்தில் பி.எஸ்.சி. ஆபீஸ்ல சொல்லியாச்சு, நீ எதுக்குக் கெடந்து பறக்கே?” என்றார் அண்ணாச்சி. பையன் பறக்கவில்லை. தேதி பறந்துவிட்டது. அடுத்த அறிவிப்பு வரும்போது வயது வரம்பு என்ன செய்யும் என்று அந்த அப்பா விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறார். அண்ணாச்சியோ, “சாருக்கு இப்ப உடம்பு சரியில்ல, இல்லேன்னா நடந்திருக்கும்” என்கிறார். இதை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. உதவ முடியாதவர் ‘முடியாது’ என்று சொல்வதும் ஓர் உதவிதான்.

அதே அண்ணாச்சி வீடு பிடித்துக் கொடுக்கும்போது வேறு ஆள். கல்யாணமாகாத பையன் என்றதும் கதவைச் சாத்தும் வீட்டுக்காரரிடம் நேரே போய்த் திண்ணையில் உட்கார்ந்துகொள்வார். “நம்ம பையனாக்கும். வாடகை நின்னா என்னட்ட கேளும்.” சாவி வந்துவிடும். சாலையில் எந்தக் கடையில் பொன்னி அரிசி நன்றாயிருக்கும், எந்த மெஸ்ஸில் மட்டை அரிசி போடமாட்டார்கள், தமிழ்ப் பத்திரிகை காலையில் எங்கே முதலில் வரும், எல்லாம் அவருக்கு அத்துபடி. ஆற்றுகால் பொங்காலை நெருக்கத்தில் வீடு மாற்றாதே, வழியெல்லாம் அடுப்புக்கல் போட்டிருப்பார்கள் என்று எச்சரிப்பதும் அவர்தான். சாமான் வந்து இறங்கும்போது பீரோவின் ஒரு முனையை, சொல்லச் சொல்லக் கேட்காமல், தானே தூக்குவார்.

ஆக, அவர் வார்த்தை செல்லாக்காசு அல்ல. நடந்துபோகும் தூரத்துக்குள் அது செல்லும். பட்டத்துக்கோ கழக்கூட்டத்துக்கோ பஸ் ஏறாது.

திருவனந்தபுரத்துக்கு வரும் தம்பி தங்கைகளே, வீட்டுக்கும் அரிசிக்கும் அண்ணாச்சியிடம் தாராளமாகப் போங்கள். வேலைக்கு நீங்களே விண்ணப்பம் போடுங்கள், கடைசித் தேதிக்கு முன்னால். ஆர்டர் கைக்கு வந்ததும் அவர் வீட்டுப் படியேறி, “எல்லாம் உங்க வார்த்தை அண்ணாச்சி” என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். காசா, பணமா?