பாட்டில் போன பாதை

கே: ஜப்பானிய மீன்வலைகளில் கட்டிய பழைய கண்ணாடி மிதவைகளை அமெரிக்கர்கள் ஏன் தேடித்தேடிச் சேகரிக்கிறார்கள்?

ப: கடல் இலவசமாகக் கொண்டுவந்து போட்டால் யார்தான் விடுவார்கள்? வலையிலிருந்து அறுந்தவை பசிபிக் நீரோட்டத்தில் ஆண்டுக்கணக்கில் மிதந்து அலாஸ்கா, ஒரேகான் கரைகளில் ஒதுங்கின. பலவும் காலி சாகே பாட்டில்களை உருக்கி ஊதியவை. அதனால் பச்சை நிறமே அதிகம். குடித்தவர் வீடு போய்ச் சேர்ந்தாரோ என்னவோ, பாட்டில் அமெரிக்கா போய்ச் சேர்ந்துவிட்டது! சிவப்பு கிடைத்தால் யோகம்தான். சிலவற்றுக்குள் தண்ணீர்கூட இருக்கும். ஆழத்து அழுத்தத்தில் நுண்துளை வழியே புகுந்தது. பிளாஸ்டிக் வந்தபின் மிதவைகள் அருகிவிட்டன. ஒரேகானின் லிங்கன் சிட்டியில் இப்போது புதிதாக ஊதிய உருண்டைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்காகக் கடற்கரையில் வைக்கிறார்கள். சந்தையில் போலிகளும் உண்டு, பார்த்து வாங்குங்கள்.