தண்ணீர் குடித்தால் வேறு ஆள்

கேள்வி: வெசூவியஸ் எரிமலையில் கிடைக்கும் சால்கோசயனைட் என்பது நீரில்லாத காப்பர் சல்பேட்தானாம். பள்ளி ஆய்வகத்தில் மயில்துத்தத்தைச் சூடாக்கினால் கிடைப்பதும் அதுதானே? இதற்குப் போய் 'அரிய கனிமம்' என்ற பட்டம் எதற்கு?

பதில்: 'அரிய' என்பதை வேண்டுமானால் பிடுங்கிக்கொள்ளுங்கள், 'கனிமம்' என்பதை விட்டுவையுங்கள். நிலவியல் நிகழ்வால் தானாக உருவாகியிருக்க வேண்டும், இன்னின்ன அணுக்கள் இன்ன வரிசையில் அமைந்திருக்க வேண்டும். கனிமத்துக்குக் கேட்கப்படும் தகுதி இவ்வளவுதான். நம்மாலும் செய்ய முடியும் என்பது தகுதிக் குறைவு ஆகாது. வைரத்தைத் தொழிற்சாலையில் செய்கிறார்கள் என்பதற்காகக் கிம்பர்லி வைரத்தை யாரும் பட்டியலிலிருந்து தள்ளிவிடவில்லை. சால்கோசயனைட்டை 1873-இல் விவரித்தவர் நேப்பிள்ஸ் நகரத்து அர்கான்ஜெலோ ஸ்காக்கி. 1868-இல் வெசூவியஸ் குமுறியபோது புகைத்துளைகளின் ஓரத்தில் படிந்த படிகங்கள் அவை. செம்பு, குளோரைடாகி வாயுவோடு வாயுவாக மேலே வரும். வெளியே கந்தக வாயுவும் காற்றின் ஆக்சிஜனும் சேர்ந்து அதைச் சல்பேட்டாக்கும். உங்கள் சோதனைக் குழாய் உண்மையில் என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்கிறது. மயில்துத்தத்தைச் சுமார் 200 டிகிரி வரை சூடாக்கினால் நீர் முழுதும் போய்விடும். 600 டிகிரியையும் தாண்டிக்கொண்டே போனால் கந்தகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று, நடுவில் ஆக்சிசல்பேட், கடைசியில் கறுப்பான காப்பர் ஆக்சைடு. இந்த இரண்டும் வெசூவியஸில் கனிமங்களாகவே கிடைக்கின்றன: முதலாவது டோலரோஃபனைட், இரண்டாவது டெனோரைட். ஆய்வகம் பின்னால் வந்து காப்பியடித்திருக்கிறது, அவ்வளவே.

கேள்வி: ஈரக்காற்று பட்டதும் சால்கோசயனைட் நீலமாகிவிடுகிறதே. நனைந்த சட்டையை வேறு சட்டை என்பீர்களா?

பதில்: சட்டையில் தண்ணீர் இழைகளின் இடுக்கில் தங்கும், நெசவைக் கலைக்காது. இங்கே நெசவே கலைகிறது. மயில்துத்தத்தில், அதாவது சால்கந்தைட் என்ற கனிமத்தில், ஒவ்வொரு செம்பு அயனியையும் நான்கு நீர் மூலக்கூறுகள் சூழ்ந்து நிற்கின்றன. ஐந்தாவது, ஹைட்ரஜன் பிணைப்பில் தொங்குகிறது. எடையில் 36 சதவீதம் தண்ணீர். சால்கோசயனைட் படிகத்தின் மூன்று அச்சுகளும் ஒன்றுக்கொன்று செங்குத்து; சால்கந்தைட்டில் மருந்துக்குக்கூட ஒரு செங்கோணம் இல்லை. அடர்த்தி சுமார் 3.6-லிருந்து 2.3-க்கு இறங்கிவிடுகிறது. நிறமும் இந்த அக்கம்பக்கத்தைப் பொறுத்ததுதான். நீர் சூழ்ந்த செம்பு சிவப்பொளியை உறிஞ்சி நீலமாகத் தெரியும். சல்பேட்டின் ஆக்சிஜன்கள் மட்டும் சூழ்ந்தால் உறிஞ்சல் அகச்சிவப்புப் பக்கம் நகர்ந்து நிறம் வெளிறும். ஆனால் நிறத்தை வைத்துப் பெயரிட்டால் மோசம் போவோம்: வெளிர்பச்சை, பழுப்பு, மஞ்சள், வானநீலம் என்று சால்கோசயனைட்டுக்கே பல வேஷம் உண்டு.

இன்னும் வலுவான சான்று துத்தநாகத்தில் இருக்கிறது. செம்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் துத்தநாகத்தை வைத்தால் ஜிங்கோசைட் என்ற கனிமம். படிகக் கட்டுமானம் அப்படியே இருக்கும். அதாவது உலோகமே மாறியும் வீடு மாறவில்லை. செம்பு அதே செம்பாக இருந்தும், தண்ணீர் நுழைந்ததும் வீடு இடிந்துவிட்டது. அதனால்தான் கனிமவியலாளர் ஸ்டுருன்ஸ் வகுத்த கனிமப் பட்டியலில் சல்பேட்டுகளைப் பிரிக்கும்போது, நீர் உண்டா இல்லையா, வேறு எதிரயனி உண்டா இல்லையா என்ற கேள்விகள் முதலிலேயே வந்துவிடுகின்றன. சால்கோசயனைட்டும் சால்கந்தைட்டும் வேறு வேறு பிரிவு. கூடுதல் ஆக்சிஜன் வைத்திருக்கும் டோலரோஃபனைட் மூன்றாவது பிரிவு. மூன்றையும் 'காப்பர் சல்பேட்' என்று ஒரே டப்பாவில் போட்டால் உரக்கடைக்குப் போதும்; எந்த வெப்பத்தில், எவ்வளவு ஈரத்தில் அது பிறந்தது என்று கேட்பவருக்குப் போதாது.

கேள்வி: நிலைத்து நிற்காத ஒன்றைப் பட்டியலில் ஏற்றி என்ன பயன்? அருங்காட்சியகத்தில் நீலமாகிவிட்ட மாதிரியைச் சூடாக்கிப் பழையபடி ஆக்கிவிடலாமா?

பதில்: நிலைப்பு எங்கே என்று சேர்த்துக் கேட்க வேண்டும். பனிக்கட்டியும் பட்டியலில் உள்ள கனிமம்தான். அதைச் சென்னை வெயிலில் வைத்துச் சோதிப்பது நியாயமில்லை. புகைத்துளையின் சூட்டில் சால்கோசயனைட் நிம்மதியாக இருக்கும், தாக்குப்பிடிக்காமல் ஓடுவது மயில்துத்தம்தான். கம்சாட்காவின் டோல்பாச்சிக் எரிமலை 1975-76-இல் வெடித்தபின் அதன் புகைத்துளைகளிலிருந்து 100-க்கும் மேற்பட்ட புதிய கனிமங்கள் வந்திருக்கின்றன. அவற்றில் செம்புக் கனிமங்கள் ஏராளம், ஈரம் கண்டால் உருமாறுபவையும் உண்டு. ஆயுள் குறைவென்று அவற்றை ஒதுக்கினால், எரிமலை வாயு எதையெல்லாம் சுமந்து வந்தது என்ற கணக்கில் பாதிப் பக்கம் கிழிந்துபோகும். சூடாக்கும் யோசனைக்கு வருகிறேன்: நீர் போகும், நீரற்ற சல்பேட் கிடைக்கும், ஆனால் அதைப் பிறப்பித்தது உங்கள் அடுப்பு. என் வாதப்படியே அது கனிமம் என்ற தகுதியை இழக்கிறது. பெயர்ச்சீட்டை மாற்றி எழுதிவிடுவது நேர்மை. அடுத்த மாதிரியையாவது சிலிக்கா ஜெல்லோடு சேர்த்துக் காற்றுப் புகாத கண்ணாடிக் குப்பியில் அடைத்து வைக்கச் சொல்லுங்கள்.